சௌராஸ்தா மாடியில் ஒரு பழைய புத்தகக் கடையும் 12 வெள்ளிக்கு வாங்கிய நீதிபதி கதையும்

பினாங்கு சௌராஸ்தா மார்க்கெட் மாடியில் பழைய புத்தகக் கடைகள் இருப்பது இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரிந்ததுதான். வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன், பினாங்கு ரோட்டில், செண்டோல் குடிக்கக் கூட்டம் நிற்கிற சந்திலிருந்து நடந்துபோகிற தூரம். கீழே ஜாதிக்காய், மாங்காய், நெல்லிக்காய் என்று விதவிதமான ஜெருக் (ஊறுகாய்) கடைகள். அந்தப் புளிப்பு வாசனை மாடிப்படி வரைக்கும் கூடவே வரும். மேலே ஏறி, பள்ளிக்கூடப் பயிற்சி நூல்களை ஆள் உயரத்துக்கு அடுக்கி வைத்திருக்கிற கடைகளைத் தாண்டிப் போனால் கடைசிப் பக்கமாக ஒரு கடை. பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் ஒரு நீல பிளாஸ்டிக் முக்காலி, அதன்மேல் சில்லறை போடுகிற பழைய மைலோ டின். நடத்துகிறவர் எழுபதைத் தொட்ட ஒரு பாய். இந்தக் கடைக்கு நான் நாலு தடவை போய்வந்துவிட்டேன், அங்கே வாங்கிய ஒரு புத்தகத்தை இரண்டு தடவை படித்தும் முடித்துவிட்டேன், அதனால் கடையையும் புத்தகத்தையும் சேர்த்தே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும்.

முதல் தடவை போனது மகளுக்காக. எஸ்.டி.பி.எம். (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தேர்வு) படிக்கிறாள், பெங்காஜியான் ஆம் என்கிற பொது அறிவுப் பாடத்துக்குப் பழைய பயிற்சி நூல் ஒன்று வேண்டும் என்றாள். பாய் அதை உடனே எடுத்துக் கொடுத்துவிட்டார், 5 வெள்ளி, அதாவது ரிங்கிட். கொடுத்துவிட்டு, "அடுத்து என்னம்மா படிக்கப் போறே?" என்று கேட்டார். சட்டம் என்றாள். அவர் ஒன்றும் பேசவில்லை. முக்காலியை உள்ளே இழுத்துப் போட்டு ஏறி, மேல் தட்டிலிருந்து செங்கல் பருமனுக்கு ஒரு புத்தகத்தை இரண்டு கையாலும் இறக்கினார். துணி அட்டை, ஒரு காலத்தில் பச்சையாக இருந்திருக்கும். முதுகு பிரிந்து நூல் தொங்கியது. "இந்த ஆளு பள்ளிக்கூடம் போனது ரொம்பக் கொஞ்ச நாள்தான். முப்பத்து நாலு வருஷம் தலைமை நீதிபதியா இருந்தாரு. படிச்சுப் பாரு, பயம் போயிடும்" என்றார். என் மகளுக்குப் பயம் இருக்கிறது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. வீட்டில் எனக்கே அவள் அதைச் சொன்னது அதற்கு ஒரு வாரம் முன்னால்தான். 15 வெள்ளி சொன்னார், நான் பர்ஸைத் திறக்கும்போதே 12 கொடு தம்பி என்றார்.

அது ஜான் மார்ஷலின் வாழ்க்கை வரலாறு, ஆங்கிலத்தில், முதல் பாகம் மட்டும். அமெரிக்காவின் நாலாவது தலைமை நீதிபதி, 1801இல் பதவிக்கு வந்து 1835இல் இறக்கும் வரை அந்த நாற்காலியில் இருந்தவர். நான் வழக்கறிஞர் அலுவலகத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா. லைட் ஸ்திரீட் கோர்ட்டுக்கு ஃபைல் தூக்கிக்கொண்டு போக ஆரம்பித்து 22 வருஷம் ஆகிறது, மார்ஷல் என்ற பெயர் காதில் விழாமல் இருக்காது. ஆனால் அது வழக்குப் பெயரோடு வருகிற பெயர், அவ்வளவுதான். அந்த மனிதனுக்கு ஒரு அம்மா இருந்தாள், காலுறை பின்னிக் கொடுத்தாள் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. இந்தப் பாகம் முழுக்க அதைத்தான் சொல்கிறது. 1755இல் பிறந்ததில் ஆரம்பித்து 1788இல் நிற்கிறது. அவர் நீதிபதி ஆவதற்கு இன்னும் 13 வருஷம் இருக்கும்போதே புத்தகம் முடிந்துவிடுகிறது.

எனக்கு இந்தப் புத்தகத்தில் பிடித்த ஆள் மகன் இல்லை, அப்பா. தாமஸ் மார்ஷல் நில அளவையாளர். வர்ஜீனியாவில் ஃபேர்ஃபாக்ஸ் பிரபுவுக்குச் சொந்தமான பெரிய காட்டு நிலத்தை அளந்தவர்களில் ஒருவர், கூட வேலை செய்தவர் ஜார்ஜ் வாஷிங்டன். அந்தக் காலத்து அளவைச் செயின் 66 அடி, அதில் 100 கண்ணி, 80 செயின் நீளம் போனால் ஒரு மைல். இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் அப்பா சர்வே டிபார்ட்மெண்டில் செயின் பிடித்தவர். வேலையிலிருந்து நின்றபோது பழைய செயின் ஒன்றின் அறுந்த துண்டு எங்கள் வீட்டில் கிடந்தது, பத்துக் கண்ணிக்கு ஒரு பித்தளைத் தகடு தொங்கும், சின்ன வயதில் நான் அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு சாமி ஊர்வலம் விளையாடுவேன். அப்பா காட்டிலிருந்து வந்து காலில் அட்டை கடித்த இடத்தில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே தமிழ்ப் பேப்பரை எழுத்துக் கூட்டிப் படிப்பார், சத்தமாக, எங்களுக்கும் கேட்க வேண்டும் என்று. தாமஸ் மார்ஷலும் பெரிய படிப்புப் படித்தவர் இல்லை. வேலையிலிருந்து வீட்டுக்கு வந்து, பிள்ளைகளை உட்கார வைத்துக் கவிதையும் வரலாறும் படித்துக் காட்டியவர். அந்தப் பக்கங்களைப் படித்தபோது எனக்கு வர்ஜீனியா தெரியவில்லை, எங்கள் வீட்டு மண்ணெண்ணெய் விளக்குத்தான் தெரிந்தது.

ஜான் மூத்த பிள்ளை. அவருக்குப் பின்னால் 14 பேர், மொத்தம் 15. மலையடிவாரத்தில் மரத்தால் கட்டிய வீடு, கீழே இரண்டு அறை, மேலே ஒரு பரண். என் தாத்தாவின் லயத்து வீட்டையும் அதில் ஒட்டிக்கொண்டிருந்த எட்டுப் பேரையும் நினைத்துப் பார்த்தேன், 15 பிள்ளைகள் எப்படித்தான் கால் நீட்டினார்களோ. அந்த வீட்டில் புத்தகம் இருந்தது. அலெக்சாண்டர் போப்பின் நீண்ட கவிதை ஒன்றை ஜான் 12 வயதுக்குள் முழுக்கக் கையால் எழுதிப் பார்த்துவிட்டார். பக்கத்தில் பள்ளிக்கூடம் இல்லை. 14 வயதில் நூறு மைல் தள்ளி ஒரு பாதிரியார் நடத்திய பள்ளிக்கு அனுப்பினார்கள், அங்கே கூடப் படித்தவர் பின்னாளில் அதிபரான ஜேம்ஸ் மன்ரோ. ஒரே வருஷம். திரும்பி வந்த பிறகு ஸ்காட்லாந்துக்காரப் போதகர் ஒருவர் அவர்கள் வீட்டிலேயே தங்கி லத்தீன் சொல்லிக்கொடுத்தார், அதுவும் ஒரு வருஷம். அதற்குமேல் அகராதியைத் தவிர வேறு துணை இல்லாமல் தானே படித்ததாக மார்ஷல் எழுதுகிறார். 1827இல், கூட இருந்த நீதிபதி ஜோசப் ஸ்டோரிக்கு எழுதிய ஒரு கடிதத்தில் தன் இளமைக்காலத்தைச் சில பக்கங்களில் சொல்லியிருக்கிறார், அதில் வருகிற விஷயம் இது. அகராதி என்ற அந்த இடத்தில் என் மகள் பென்சிலால் கோடு போட்டிருக்கிறாள்.

இங்கிலாந்துச் சட்ட அறிஞர் பிளாக்ஸ்டோனின் சட்ட நூல் அமெரிக்காவில் முதல் முறையாக அச்சாகப் போகிறது என்று தெரிந்ததும், 1772இல், முன்பணம் கட்டிப் பெயர் கொடுத்தவர்களில் தாமஸ் மார்ஷலும் ஒருவர். காட்டில் செயின் இழுத்துச் சம்பாதித்த காசு. மகன் வக்கீலாக வேண்டும் என்று அவர் அப்போதே முடிவு செய்துவிட்டிருக்கிறார். மகன் அதைக் கையில் எடுத்தது 17, 18 வயதில், ஆனால் அந்த நேரத்தில் இங்கிலாந்தோடு தகராறு முற்றிக்கொண்டு வர, பையனுக்குப் பிளாக்ஸ்டோனைவிடத் துப்பாக்கிப் பயிற்சியில்தான் மனசு போனது. இதையும் அவரே ஒத்துக்கொள்கிறார்.

1775 மே மாதக் காட்சி ஒன்று இருக்கிறது, அதை நான் மூன்று தடவை படித்தேன். சண்டை மூண்டுவிட்ட செய்தி வந்து, ஊர்ப் படையைச் சேர்க்கிறார்கள். 19 வயதுப் பையன் பத்து மைல் நடந்து மைதானத்துக்கு வருகிறான். ஆறடி உயரம், வெள்ளைக் குஞ்சம் வைத்த வெளிர்நீல வேட்டைச் சட்டை, அதே நிறத்தில் கால்சட்டை, வட்டமான கறுப்புத் தொப்பியில் மான் வால். கேப்டன் வரவில்லை. அதனால் இவன் முன்னால் வந்து, துப்பாக்கியை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று முதலில் தானே செய்து காட்டுகிறான், பிறகு எல்லாரையும் செய்ய வைக்கிறான், ஒரு மணி நேரம் போல நாட்டு நிலைமையைப் பேசுகிறான். பேச்சு முடிந்ததும் வளையம் எறிகிற விளையாட்டு, ஓட்டப்பந்தயம். அப்புறம் பத்து மைல் திரும்ப நடை. அந்த வருஷம் டிசம்பர் 9, கிரேட் பிரிட்ஜ் என்ற இடத்தில் நடந்த சண்டையில் அப்பாவும் மகனும் ஒரே படையில் இருந்தார்கள், அப்பா மேஜர், மகன் லெப்டினண்ட்.

அங்கிருந்து புத்தகம் பிராண்டிவைன் சண்டைக்குப் போகிறது, ஜெர்மன்டவுனுக்குப் போகிறது, திடீரென்று 1778 ஜூனுக்குத் தாவிவிட்டது. நான் ஏதோ ஒரு பக்கத்தைச் சேர்த்துப் புரட்டிவிட்டேன் என்று நினைத்தேன். இல்லை. 24 பக்கம் இல்லை. யாரோ கிழிக்கவில்லை, தைத்த நூல் விட்டு ஒரு கட்டு அப்படியே உதிர்ந்து போயிருக்கிறது. அந்த இடத்தில் ஒட்டுப்பசையின் பழுப்புத் தழும்பு மட்டும். ஒரு குளிர்காலம் முழுவதும் காணோம்.

பழைய புத்தகக் கடையில் இதற்கு என்ன செய்ய முடியும் என்று வீட்டில் எல்லாரும் சொன்னார்கள். சனிக்கிழமை நான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனேன். பாய் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அந்தத் தழும்பை விரலால் தடவிப் பார்த்தார். "நான் எண்ணிப் பாத்திருக்கணும். தப்பு என் மேலதான்" என்று சொல்லி மைலோ டின்னிலிருந்து 12 வெள்ளியையும் எடுத்து நீட்டினார். நான் வாங்கவில்லை, பணம் வேண்டாம் பாய், அந்தப் பக்கங்கள்தான் வேண்டும் என்றேன். நீள நோட்டு ஒன்று வைத்திருக்கிறார், அதில் என் பெயர், போன் நம்பர், எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் வரை என்று தமிழில் எழுதிக்கொண்டார். மூன்று வாரம் கழித்துப் போன் வந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வீட்டைக் காலி செய்தபோது வந்த மூட்டையில் அதே பாகம் இன்னொன்று கிடைத்திருக்கிறது, கறையான் அரித்து முதல் நூறு பக்கம் போய்விட்டது, நமக்கு வேண்டிய 24 பக்கமும் நன்றாக இருக்கிறது. நான் போகும்போது போட்டோஸ்டேட் எடுத்து, ஓரம் வெட்டி, மடித்து, ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தார். காசு வாங்கவில்லை. பழுப்புப் பக்கங்களுக்கு நடுவில் வெள்ளையாக அந்த 24 பக்கமும் இப்போது என் புத்தகத்தில் இருக்கிறது, மூடி வைத்தாலும் ஓரத்தில் ஒரு வெள்ளைக் கோடு தெரியும்.

அந்தக் கோட்டுக்குள் இருப்பது வேலி ஃபோர்ஜ். 1777 டிசம்பர் 19 முதல் அடுத்த வருஷம் ஜூன் வரை வாஷிங்டனின் படை முகாம் போட்டிருந்த இடம். சுமார் 12,000 பேர் போனார்கள், கிட்டத்தட்ட 2,000 பேர் நோயில் செத்தார்கள். ஒரு குடிசைக்குப் பன்னிரண்டு சிப்பாய். சாப்பாடு வராது, போர்வை வராது, செருப்பு இல்லாதவர்கள் பனியில் நடந்த தடத்தில் ரத்தம். மார்ஷலுக்கு 22 வயது. கூட இருந்த அதிகாரி ஒருவர் வயதான காலத்தில் சொன்னது இது: முகாமில் மார்ஷல் அளவுக்கு யாரும் சிரித்த முகத்தோடு இல்லை, பசியைப் பற்றி முணுமுணுத்ததே கிடையாது, இரண்டு பேர் தலைமேல் வைத்த கோலை ஓடிவந்து தாண்டுவார். அம்மா பின்னிக் கொடுத்த காலுறையில் குதிகால் மட்டும் வெள்ளை நூல், ஓடும்போது அது பளிச்சென்று தெரியும், அதனால் வெள்ளிக் குதிகால் என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள்.

நான் நிறைய நேரம் நின்ற இடம் வேறு. அந்த முகாமில் அவருக்குப் படைச் சட்ட அதிகாரிக்குத் துணையாக ஒரு பொறுப்பும் கொடுத்திருந்தார்கள். அதிகாரிகளுக்குள் சண்டை வந்தால் இவரிடம் வருவார்களாம், இவர் சொன்ன தீர்ப்பைக் கேட்டுக்கொண்டு போவார்களாம். சட்டம் படிக்காத பையன். பசியில், குளிரில், எல்லாருக்கும் எரிச்சல் தலைக்கேறி இருக்கிற இடத்தில் இரண்டு பக்கத்தையும் உட்கார வைத்துப் பேச வைத்திருக்கிறார். 22 வருஷமாகக் கோர்ட் வாசலில் நிற்கிற எனக்கு அது எவ்வளவு கஷ்டமான வேலை என்று தெரியும். எழுத்தில் எழுதிய தீர்ப்பைவிட, தோற்றவன் அதை ஏற்றுக்கொண்டு வீட்டுக்குப் போவது பெரிய காரியம்.

இன்னொன்றும் அங்கே நடந்திருக்கிறது. ஒவ்வொரு மாநிலமும் தன் காசை இறுக்கிப் பிடித்துக்கொண்டதால் மொத்தப் படையும் பட்டினி கிடந்தது, அதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர் இவர். வெவ்வேறு மாநிலத்துக்காரர்கள் ஒரே காரியத்துக்கு உயிரைக் கொடுத்ததையும் பார்த்தார். அமெரிக்காவை என் நாடு என்றும் அதன் காங்கிரஸை என் அரசாங்கம் என்றும் நினைக்கிற பழக்கம் அங்கேதான் உறுதிப்பட்டது என்று அந்த 1827 கடிதத்தில் எழுதுகிறார். நாடு பிறந்து இரண்டு வயதுகூட ஆகவில்லை, அது நிற்குமா விழுமா என்று யாருக்கும் தெரியாது. மெர்டேக்கா, அதாவது சுதந்திரம் கிடைத்த சமயத்தில் இங்கே நம் ஆட்கள் பலர் குடியுரிமைத் தாளுக்கு அலைந்த கதையை என் தாத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன், இது என் நாடு என்ற எண்ணம் ஒரு நாளில் வருவதில்லை என்று அவர் முகத்தைப் பார்த்தாலே தெரியும். இந்த 24 பக்கம் கிடைக்காமல் போயிருந்தால் அந்த மனிதர் பின்னாளில் ஏன் அப்படித் தீர்ப்பு எழுதினார் என்பதே எனக்குப் பிடிபட்டிருக்காது.

சட்டப் படிப்பைப் பற்றிய பகுதி சின்னது, ஏனென்றால் படித்ததே கொஞ்ச நாள். 1780இல், அவருக்குக் கீழே இருந்த சிப்பாய்களின் காலம் முடிந்துவிட்டதால் புதுப்படை சேரும்வரை வேலையில்லை. அந்த இடைவெளியில் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் ஜார்ஜ் வித் நடத்திய வகுப்புகளில் போய் உட்கார்ந்தார். அமெரிக்காவின் முதல் சட்டப் பேராசிரியர் அவர், ஜெபர்சனுக்கும் குரு. மொத்தம் மூன்று மாதத்தைத் தாண்டவில்லை. நோட்டில் சட்டத் தலைப்புகளை அகர வரிசையில் குறித்துக்கொண்டே போகிறார், அதே நோட்டில் பாலி, பாலி என்று ஒரு பெண்ணின் பெயரையும் கிறுக்கி வைத்திருக்கிறார். யார்க்டவுனில் பார்த்த பெண், மேரி ஆம்ப்ளர், 1783 ஜனவரி 3 அன்று அவளைத்தான் கட்டிக்கொண்டார். வக்கீல் தொழிலுக்கு அனுமதிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டது அப்போதைய வர்ஜீனியா ஆளுநர் தாமஸ் ஜெபர்சன், தாய்வழியில் தூரத்துச் சொந்தம். பின்னாளில் ஜெபர்சன் அதிபர், மார்ஷல் தலைமை நீதிபதி, இருவருக்கும் கடைசி வரை ஆகவில்லை. அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டபோது இரண்டு பேருக்கும் அது எங்கே போய் முடியும் என்று தெரிந்திருக்க நியாயமில்லை.

புத்தகத்தில் எனக்குப் பிடிக்காததையும் சொல்லிவிடுகிறேன். அடிமைகளைப் பற்றி அது வேகமாகக் கடந்து போய்விடுகிறது. அந்த மலையடிவார வீட்டிலும் அடிமைகள் இருந்தார்கள். ஜானுக்குக் கல்யாணம் ஆனபோது அவருடைய அப்பா ராபின் என்ற ஓர் ஆளையே பரிசாகக் கொடுத்தார். பிள்ளைகளுக்குக் கவிதை படித்துக் காட்டிய அதே அப்பா. வாழ்நாள் முழுக்க மார்ஷல் அடிமைகளை வைத்திருந்தார், வாங்கினார். நம் பாட்டன்மார் ஒப்பந்தக் கூலியாகக் கப்பலேறி வந்தவர்கள், அவர்களை எண்ணிக்கையாகவே பதிவு செய்த பதிவேடுகளை நாம் பார்த்திருக்கிறோம், அதனால் இந்த இடத்தை என்னால் சும்மா புரட்டிவிட முடியவில்லை. மகளிடம் அந்தப் பக்கத்தைக் காட்டி, ராபினுக்குப் பள்ளிக்கூடம் எங்கே என்று கேட்டேன். அவள் ரொம்ப நேரம் பேசவில்லை. பழைய காலத்தில் எழுதிய நூல், எழுதியவருக்குத் தன் நாயகன்மேல் அவ்வளவு பிரியம். வாங்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு படியுங்கள். சண்டைகளின் படை நகர்வை விவரிக்கிற பக்கங்களும் அளவுக்கு மீறிப் போகின்றன, நான் சிலவற்றைத் தாண்டிவிட்டேன்.

கடைசி அத்தியாயம் 1788. புது அரசியல் சட்டத்தை ஏற்பதா வேண்டாமா என்று வர்ஜீனியாவில் கூட்டம் போட்டுப் பேசுகிறார்கள், மார்ஷலுக்கு 32 வயது. அதிகாரம் இல்லாத விஷயத்தில் காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டால் நீதிபதிகள் அதைச் செல்லாது என்று சொல்லிவிடுவார்கள் என்று எழுந்து பேசுகிறார். 15 வருஷம் கழித்து, 1803இல், மார்பரி வழக்கில் அதை அவரே செய்தார். அவர்களுடைய அரசியல் சட்டத்தில் அப்படி ஒரு வரி வெளிப்படையாகக் கிடையாது. நம் மலேசிய அரசியல் சட்டத்தில் இருக்கிறது, 4ஆம் பிரிவு, மெர்டேக்காவுக்குப் பிறகு இயற்றுகிற எந்தச் சட்டமும் அரசியல் சட்டத்துக்கு முரணாக இருந்தால் முரணாக இருக்கிற அளவுக்குச் செல்லாது. 2018இல் ஈப்போவைச் சேர்ந்த நம் தமிழ்த் தாய் ஒருவர் பிள்ளைகளின் மதமாற்றத்தை எதிர்த்துப் போட்ட வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னதே, அந்தத் தீர்ப்பு நிற்கிற தரையும் இதுதான், அரசு செய்தது சட்டப்படி சரியா என்று பார்க்கிற அதிகாரத்தை நீதிமன்றத்திடமிருந்து பறிக்க முடியாது என்பது. அன்றைக்கு எங்கள் அலுவலகத்தில் யாரும் வேலை செய்யவில்லை, போனையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

(பினாங்கில் கோர்ட் வைக்க அரச சாசனம் வந்தது 1807இல், மார்ஷல் அங்கே தலைமை நீதிபதியாகி ஆறு வருஷம் ஆகியிருந்த சமயம். லைட் ஸ்திரீட்டில் நடக்கும்போதெல்லாம் இப்போது இந்தக் கணக்கு மனசில் ஓடுகிறது.)

சரி, கடைக்கு வருகிறேன். குறைகள் உண்டு. ஒரே காற்றாடி, அது பாய் உட்காருகிற இடத்தோடு சரி, உள்ளே பத்து நிமிஷம் நின்றால் சட்டை நனைந்துவிடும். தூசி ஒத்துக்கொள்ளாதவர்கள் முகக்கவசம் போட்டுக்கொண்டு போங்கள். புத்தகங்களில் விலை எழுதியிருக்காது, கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், எனக்கு நியாயமாகத்தான் சொல்லியிருக்கிறார். தமிழ் நூல்களை வாழைப்பழப் பெட்டிகளில் போட்டுக் கீழே தள்ளி வைத்திருக்கிறார், அதில் எனக்கு வருத்தம், குனிந்து தேடினால் நல்ல பழைய நாவல்கள் கிடைக்கின்றன, 3 வெள்ளிக்கே. ரொக்கம் மட்டும். வெள்ளிக்கிழமை மத்தியானம் தொழுகைக்குப் போய்விடுவார், சாயங்காலம் எத்தனை மணிக்குச் சாத்துவார் என்பது அன்றைய உடம்பைப் பொறுத்தது. காலையில் பத்தரை, பதினொன்றுக்குப் போவது நல்லது. வாங்குவதற்கு முன்னால் பக்கங்களை எண்ணிப் பாருங்கள், இப்போது அவரே எண்ணிப் பார்த்துத்தான் கொடுக்கிறார், இருந்தாலும் பாருங்கள்.

தயவுசெய்து பரீட்சை நூல் மட்டும் வாங்கிக்கொண்டு ஓடிவிடாதீர்கள், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள், அவர் கேட்கிற கேள்விக்குப் பிள்ளையே பதில் சொல்லட்டும். அவருக்குப் பிறகு இந்தக் கடையை எடுத்து நடத்த வீட்டில் யாரும் இல்லை என்று போன தடவை பேச்சோடு பேச்சாகச் சொன்னார். அவருடைய அப்பா கடையநல்லூரிலிருந்து வந்து, ஐந்தடியில் (கடைகளுக்கு முன்னால் இருக்கிற நடைபாதை) பாய் விரித்துப் பழைய புத்தகம் விற்றவராம். விற்காமல் மிஞ்சிய புத்தகத்தையெல்லாம் ராத்திரி மகனுக்குப் படித்துக் காட்டியிருக்கிறார், ஆங்கிலம் புரியாவிட்டாலும் எழுத்துக் கூட்டிச் சத்தமாக. இதைக் கேட்டுக்கொண்டு நான் மைலோ டின்னையே பார்த்துக்கொண்டிருந்தேன், என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை.

மகள் ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கி, தினமும் ராத்திரி அரைப் பக்கம் அந்தப் புத்தகத்திலிருந்து கையால் எழுதுகிறாள். யாரும் சொல்லவில்லை, 12 வயதில் அவர் செய்தாரே என்று ஆரம்பித்தாள். இரண்டாம் பாகம் வந்தால் சொல்லுங்கள் என்று பாயிடம் கேட்டிருக்கிறேன். நீள நோட்டில் எழுதிக்கொண்டார். என் பெயருக்கு மேலே இன்னும் பதினோரு பேர் பெயர் இருந்தது, யார் யார் எந்தப் புத்தகத்துக்குக் காத்திருக்கிறார்கள் என்று தேதியோடு, சிலது ஆறேழு வருஷத்துக்கு முந்தைய தேதி, ஒன்றையும் அவர் அடிக்கவில்லை.